அக்குபங்சர்: சீன ஊசி இந்தியாவுக்கு வந்த கதை

பாம்பன் பாலத்தைத் தாண்டி, மன்னார் வளைகுடா ஓரமாக மேற்கே போனால் பெரியபட்டினம் என்ற ஊர் வரும். 1980களில் அங்கே அகழாய்வு செய்தபோது சீனப் பீங்கான் ஓடுகள் ஏராளமாகக் கிடைத்தன. அவை 13, 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. அதாவது, 700 வருடங்களுக்கு முன்பே சீனப் பொருட்கள் ராமநாதபுரம் கரைக்கு வந்து இறங்கியிருக்கின்றன. ஆனால் சீனர்களின் ஊசி வைத்தியம் இந்தியாவில் வேரூன்றியது 20ஆம் நூற்றாண்டில்தான். அதுவும் கல்கத்தா வழியாக! அது எப்படி வந்தது என்று தெரிந்தால், அதனிடம் எதை எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்கக் கூடாது என்பதும் புரிந்துவிடும்.

முதலில் பெயர். அக்குபங்சர் சீனச் சொல் அல்ல. லத்தீனில் 'அக்கு' என்றால் ஊசி, 'பங்சர்' என்றால் குத்துதல். டென் ரைன் என்ற டச்சு மருத்துவர் 1683ல் வெளியிட்ட நூல் மூலம் ஐரோப்பாவில் இந்தப் பெயர் பரவியது. உடம்பில் 'ச்சீ' என்ற உயிராற்றல் சில பாதைகளில் ஓடுகிறது, அது தடைபட்டால் நோய் வருகிறது, குறிப்பிட்ட புள்ளியில் ஊசி வைத்தால் தடை நீங்கும் என்பது சீனர்களின் விளக்கம்.

சீனாவிலேயே இது எப்போதும் கொண்டாடப்பட்டதில்லை. 1822ல் சீனப் பேரரசர் தன் அரண்மனை மருத்துவக் கழகத்தில் இதை நிறுத்தச் சொல்லிவிட்டார். 1949க்குப் பிறகு நிலைமை மாறியது. ஜனத்தொகை மிக அதிகம், நவீன டாக்டர்களோ மிகக் குறைவு. எனவே மாவோவின் அரசு பழைய வைத்தியத்தையும் நவீன மருத்துவத்தையும் சேர்த்து நடத்தியது.

இந்தியாவின் தொடர்பு ஒரு போரில் தொடங்குகிறது. ஜப்பான் சீனாவைத் தாக்கியபோது, 1938ல் இந்திய தேசிய காங்கிரஸ் ஐந்து டாக்டர்கள் கொண்ட குழுவை அங்கே அனுப்பியது. அடல், சோல்கர், கோட்னிஸ், பாசு, முகர்ஜி ஆகியோர்தான் அந்த ஐவர். சோலாப்பூரைச் சேர்ந்த கோட்னிஸ் காயம்பட்ட வீரர்களுக்கு ஓய்வில்லாமல் அறுவை சிகிச்சை செய்து, 1942ல் தன் 32ஆம் வயதில் அங்கேயே இறந்தார். சீனர்கள் இன்றும் அவரைப் போற்றுகிறார்கள். ஆனால் ஊசி வைத்தியத்தை இங்கே கொண்டு வந்தவர் அவருடன் போன டாக்டர் பிஜய் குமார் பாசு. இந்தியா திரும்பிய அவர், 1950களின் இறுதியில் மறுபடியும் சீனா சென்று அக்குபங்சர் கற்றுக்கொண்டு வந்து, கல்கத்தாவில் சிகிச்சை அளிக்க ஆரம்பித்தார். மேற்கு வங்கம் 1996ல் இதற்காகத் தனிச் சட்டமே இயற்றியது. மத்திய அரசு 2003ல் இதை ஒரு சிகிச்சை முறையாகவும், 2019ல் தனி மருத்துவ முறையாகவும் ஏற்றுக்கொண்டது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பாசு ஆங்கில மருத்துவம் படித்த டாக்டர். அந்த மருத்துவத்தைத் தூக்கி எறிந்துவிட்டு அவர் ஊசியை எடுக்கவில்லை. அதற்குத் துணையாகத்தான் எடுத்தார்.

உலகம் முழுக்க இந்த ஊசி பிரபலமானதற்குக் காரணம் 1971ல் நடந்த ஒரு சம்பவம். நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையாளர் ஜேம்ஸ் ரெஸ்டனுக்கு பீகிங்கில் குடல்வால் அறுவை சிகிச்சை நடந்தது. ஊசி மட்டும் குத்தி, மயக்க மருந்தே இல்லாமல் ஆபரேஷன் செய்தார்கள் என்று பலர் இன்றும் நம்புகிறார்கள். அது தவறு! வழக்கமான மருந்து கொடுத்து மரத்துப்போக வைத்துத்தான் அறுத்தார்கள். பிறகு ஏற்பட்ட வயிற்று உபாதைக்குத்தான் ஊசி வைத்தார்கள்.

சரி, இது உண்மையில் வேலை செய்கிறதா? ஜெர்மனியில் நாள்பட்ட இடுப்புவலி உள்ள 1,162 பேரிடம் ஓர் ஆய்வு நடந்து, 2007ல் முடிவு வெளியானது. முறையான புள்ளிகளில் ஊசி வைத்தவர்களில் 47.6 சதவீதம் பேருக்குப் பலன் கிடைத்தது. புள்ளி அல்லாத இடங்களில் மேலோட்டமாகக் குத்தியவர்களில் 44.2 சதவீதம். மாத்திரை, உடற்பயிற்சி என்று வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 27.4 சதவீதம். வலி குறைவது நிஜம் என்று இதிலிருந்து தெரிகிறது. ஆனால் எந்தப் புள்ளியில் குத்துகிறோம் என்பது பெரிய வித்தியாசத்தைத் தரவில்லை.

சிகிச்சைக்குப் போகிறவர் எதிர்பார்க்க வேண்டியது இவ்வளவுதான்: முடி போன்ற மெல்லிய ஊசிகள் குத்தப்படும். சுருக்கென்று இருக்கும், பிறகு கனமாகவோ மரத்த மாதிரியோ தோன்றலாம். சுமார் 20 முதல் 30 நிமிடம் படுத்திருக்க வேண்டும். ஒரே நாளில் குணமாகாது, பல தடவை போக வேண்டியிருக்கும். ஊசி புதிதாக, கண்ணெதிரே உறை பிரித்து எடுக்கப்பட வேண்டும். ஒருவருக்குக் குத்திய ஊசியைச் சுத்தம் செய்யாமல் அடுத்தவருக்குக் குத்தினால் மஞ்சள் காமாலைக் கிருமி பரவும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்களும், கர்ப்பிணிகளும் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

நாள் முழுக்க வலை இழுத்துத் தோளும் இடுப்பும் வலிக்கிற ஒரு பாம்பன் மீனவருக்கு இது ஓரளவு ஆறுதல் தரலாம். ஆனால் அதே மனிதருக்குச் சர்க்கரை நோய் இருந்து, "இனி இன்சுலின் வேண்டாம், புள்ளியைத் தொட்டாலே போதும்" என்று யாராவது சொன்னால், அந்த இடத்தைவிட்டு உடனே எழுந்து வந்துவிட வேண்டும். இன்சுலின் தேவைப்படும் நோயாளி அதை நிறுத்தினால் சில நாட்களிலேயே உயிருக்கு ஆபத்து வரலாம். இரத்த அழுத்தம், வலிப்பு, காசநோய் ஆகியவற்றுக்கான மாத்திரைகளையும் டாக்டரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது.

ஊசியை இந்தியாவுக்குக் கொண்டு வந்த டாக்டர் பாசு மருந்தைக் கீழே வைக்கவில்லை. ஊசி போட்டுக்கொள்ளப் போகிறவர்களும் அதைக் கீழே வைக்கத் தேவையில்லை.