வாவிக்கும் கடலுக்கும் இடையே

மட்டக்களப்பு நகருக்குத் தெற்கே, வாவிக்கும் கடலுக்கும் இடையே ஒடுங்கிக் கிடக்கும் எழுவான்கரை மணல்நிலத்தில் அமைந்த ஊர் நாவற்குடா. இத்தகைய நிலத்தில் வீடமைப்போர் முதலில் எண்ண வேண்டியது நன்னீரையே. மணலில் இறங்கும் மழைநீர், அடியிலுள்ள உவர்நீரின் மேல் மெல்லிய படையாகத் தங்குகின்றது. ஆழங்குறைந்த கிணறு தருவது அந்நீரையே. அளவு மிஞ்சி இறைத்தால் உவர் மேலெழும். ஆதலால் மழையை நிலத்துள் இறங்கவிடும் திறந்த வளவும் வீட்டின் ஓர் உறுப்பேயாகும். மண்சுவரும் கிடுகுக்கூரையும் வெப்பத்தைத் தணித்தன.

எனினும், பழமை யாவும் காப்பாகிவிடாது. 1978 நவம்பர் 23ஆம் நாள் மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளி கூரைகளைப் பெயர்த்தெறிந்தது, தென்னந்தோப்புகளைச் சாய்த்தது. 2004 டிசம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை கரையோர வீடுகளை அழித்ததோடு கிணறுகளையும் உவராக்கிற்று.

அதன்பின், வடக்குக் கிழக்குக் கரைகளில் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டலாகாது என அரசு விதித்தது. ஆனால் முன்னே கடல், பின்னே வாவி. விலகிச் செல்ல நிலமேது? தோணியையும் வலையையும் விட்டு மீனவர் எவ்வாறு அகல்வர்? 2005ஆம் ஆண்டிலேயே அவ்வெல்லை தளர்த்தப்பட்டது.

எகிப்திலும் இத்தகைய பாடம் உண்டு. 1940களில் ஹசன் பாத்தி என்னும் கட்டடக்கலைஞர், வெயிலுக்கேற்ற மண்கற்களால் புதிய குர்னா என்னும் சிற்றூரை எழுப்பினார். பழைய குர்னா மக்களுள் பெரும்பாலோர் அங்கே குடிபெயர மறுத்தனர். அவர்தம் பிழைப்பு பழைய இடத்தோடு பிணைந்திருந்தது.

ஊரமைப்போர் கடலின் தூரத்தை அளந்தால் மட்டும் போதாது. கிணற்றையும் தொழிலையும் உடன்வைத்தே அளத்தல் வேண்டும்.