பல் படம் போட்ட பலகை

கோரிப்பாளையத்தில் யாரிடம் வழி கேட்டாலும் கதவிலக்கம் சொல்ல மாட்டார்கள். "தர்காவைத் தாண்டி", "தேவர் சிலைக்கு இந்தப் பக்கம்", "பெரியாஸ்பத்திரிக்கு எதிர்த்தாப்பில" என்றுதான் சொல்வார்கள். கோரி என்றால் சமாதி. அந்தப் பெரிய கும்பமும் அதன் அடியில் உள்ள சமாதிகளும்தான் இந்த ஊருக்குப் பெயரே கொடுத்தன. அடையாளச் சின்னம் முதலில், ஊர்ப் பெயர் பிறகு.

ஆனால் ஒரே ஒருவரைத் தேடும்போது மட்டும் நாம் பலகையைப் பார்த்துக்கொண்டே நடக்கிறோம். அவர் பல் டாக்டர். காய்ச்சலுக்கும் வயிற்றுவலிக்கும் குடும்ப டாக்டர் என்று ஒருவர் இருப்பார். பல்லுக்கு அப்படி யாரையும் முன்கூட்டியே பார்த்து வைப்பதில்லை. ராத்திரி முழுக்கக் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்துவிட்டு, காலையில் தெருவில் இறங்கி, பல் படம் எங்கே தொங்குகிறது என்று பார்ப்போம். அந்தப் படத்துக்குப் பின்னால் நூறாண்டுக் கதை இருக்கிறது.

நம் தாத்தாக்கள் காலத்தில் பல்லுக்கு வைத்தியம் என்றால் ஆலங்குச்சி, வேலங்குச்சி, உப்பு, கிராம்பு. அதற்கும் அடங்காவிட்டால் பிடுங்குவது. பிடுங்கியவர் நாவிதராக இருக்கலாம், சந்தையில் துணி விரித்து உட்கார்ந்தவராக இருக்கலாம். அவருக்குப் பலகை கிடையாது. பிடுங்கிய பற்களைத் துணியின்மேல் பரப்பி வைத்திருப்பார். அதுதான் அவருடைய சான்றிதழ், விளம்பரம் எல்லாம். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் புரிந்துவிடும்.

அடுத்து வந்தவை "இங்கு பல் கட்டப்படும்" பலகைகள். தகரத்தில் எனாமல் பெயிண்ட், சிவந்த ஈறும் வெள்ளைப் பற்களுமாக ஒரு முழு பல்செட், சில இடங்களில் ஈறுக்கு மேலே ஒரு ஜோடி உதடு. வரைந்தவர் சினிமா பேனரும் வரைகிறவராக இருந்தால் உதட்டில் கொஞ்சம் கூடுதல் சிவப்பு! பல்லைக் காப்பாற்றும் காலம் அப்போது வரவில்லை. போன பல்லுக்குப் பதில் பல் என்பதுதான் தொழில். 'பல் போனால் சொல் போச்சு' என்ற பயத்துக்கு விடையாக அந்தப் பல்செட் தொங்கியது.

அதே காலத்தில் ஊருக்கு ஊர் மதிப்பாகப் பேசப்பட்டவர்கள் சீனப் பல் வைத்தியர்கள். சீனாவின் ஹூபே மாகாணத்திலிருந்து வந்த குடும்பங்கள் கல்கத்தா, பம்பாய், சென்னை போன்ற நகரங்களில் இந்தத் தொழிலை நடத்தின. பெரும்பாலும் தகப்பனிடம் மகன் கற்ற கைத்தொழில். "சீனப் பல் வைத்தியர்" என்ற சொல்லே அவர்களுடைய முத்திரை. கைப்பதம் நன்றாக இருக்கும், கூலி குறைவு என்று மக்கள் நம்பினார்கள். 1962 போர் வந்தபோது சீன வம்சாவளியினர் பலரை ராஜஸ்தானில் தேவ்லி முகாமில் அடைத்தார்கள். ஒரு தலைமுறைக்குச் சோறு போட்ட சொல்லே சந்தேகத்துக்குரிய சொல்லாக மாறியது. பலகையில் எழுதும் சொல்லுக்கு நாம் நினைக்காத அர்த்தத்தையும் காலம் கொடுத்துவிடும் என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டாம்.

நம் ஊருக்கும் பல் சம்பந்தமாகப் பெருமைப்பட ஒன்று உண்டு. கோபால் பல்பொடி மதுரைச் சரக்கு. ரோஸ் நிறப் பொடியும், இலங்கை வானொலியில் இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் என்று நாடுகளை அடுக்கி வரும் அந்த விளம்பரக் குரலும் என் வயதுக்காரர்கள் யாருக்கும் மறந்திருக்காது. கர்நாடகத்திலிருந்து நஞ்சன்கூடு பல்பொடி வந்தது. பினாகா பற்பசை வாங்கினால் உள்ளே ஒரு சின்னப் பிளாஸ்டிக் மிருகம் இருக்கும், அதற்காகவே அப்பாவை நச்சரித்தோம். பொடி விற்கிறவர் எவ்வளவு சத்தமாகவும் கூவலாம், வானொலியில் பாடலாம், பொம்மை கொடுக்கலாம். ஆனால் பல்லைத் தொட்டு வைத்தியம் செய்கிறவர் அப்படிச் செய்யக் கூடாது என்று சட்டம் சொன்னது.

அந்தச் சட்டம் வந்த கதையைச் சொல்ல வேண்டும். இந்தியாவில் பல் மருத்துவத்தை முறையான படிப்பாக்கியவர் டாக்டர் ரபியுதீன் அகமது. அமெரிக்காவில் ஐயோவா பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு வந்து, 1920-ல் கல்கத்தாவில் முதல் பல் மருத்துவக் கல்லூரியைத் தொடங்கினார். அதற்குப் பணம் எங்கிருந்து வந்தது தெரியுமா? 'நியூயார்க் சோடா பவுண்டன்' என்று அவர் நடத்திய கடையிலிருந்து! இனிப்புப் பானம் விற்ற காசில் பல் காலேஜ். 1939-ல் வங்காளத்தில் பல் மருத்துவர் சட்டம் வந்ததற்கும் அவர் உழைப்பே காரணம். நாடு முழுமைக்குமான பல் மருத்துவர் சட்டம் 1948-ல் வந்தது. அடுத்த ஆண்டு இந்தியப் பல் மருத்துவக் கவுன்சில் அமைந்தது. சென்னை மருத்துவக் கல்லூரியில் பல் பிரிவு 1953-ல் ஆரம்பமாயிற்று. நம் மதுரை மருத்துவக் கல்லூரி 1954-ல் வந்தது.

1948 சட்டத்தில் ஒரு நியாயமான ஏற்பாடு இருந்தது. பதிவேட்டில் இரண்டு பகுதிகள். அங்கீகரிக்கப்பட்ட படிப்புப் படித்தவர்கள் 'ஏ' பகுதியில். படிப்பில்லாவிட்டாலும் ஐந்து ஆண்டுகளுக்குக் குறையாமல் இந்தத் தொழிலையே பிழைப்பாகக் கொண்டவர்கள் 'பி' பகுதியில். பழைய கைத்தொழில்காரர்களின் வயிற்றில் அடிக்காமல், புதிதாகப் படிக்காதவர்கள் நுழையும் கதவை மட்டும் மூடினார்கள். ஆனால் தெருவில் நிற்கும் நோயாளிக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? ஏ-க்கும் அதே பல் படம், பி-க்கும் அதே பல் படம், எந்தப் பகுதியிலும் இல்லாதவருக்கும் அதே பல் படம். இந்தக் குழப்பம் இன்றுவரை தீரவில்லை.

பலகையைப் பற்றியே நேரடியாகப் பேசியது 1976-ல் வந்த பல் மருத்துவர் நன்னெறி விதிகள். படித்தால் சிரிப்பு வரும், யோசித்தால் மதிப்பு வரும். பலகை 0.9 மீட்டருக்கு 0.6 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. நம் கணக்கில் மூன்றடிக்கு இரண்டடி. 'பற்கள்', 'வலியில்லாமல் பல் எடுக்கப்படும்' போன்ற சொற்கள் கூடாது. மின்னி மின்னி அணையும் விளக்குப் பலகை கூடாது. கண்ணாடிப் பெட்டியில் காட்சிக்கு வைக்கக் கூடாது. தான் வேலை செய்யாத இடத்திலும் மருந்துக் கடையிலும் பலகை மாட்டக் கூடாது. பெயரும் பட்டமும் போதும்.

'வலியில்லாமல்' என்ற சொல்லின்மேல் ஏன் இத்தனை கோபம் என்று நான் யோசித்ததுண்டு. அமெரிக்காவில் எட்கர் பார்க்கர் என்று ஒரு பல் டாக்டர் இருந்தார். முறையாகப் படித்தவர்தான். ஆளே வராததால் சர்க்கஸ்காரர் வேடம் போட்டார். வண்டியில் ஊர் ஊராகப் போய், பேண்டு வாத்தியம் முழங்கப் பல் பிடுங்கினார். நோயாளி போடும் கூச்சல் வெளியே கேட்கக் கூடாது என்பதற்கும் வாத்தியம் உதவியது. ஒரே நாளில் பிடுங்கியவை என்று சொல்லி 357 பற்களைக் கோத்து மாலையாகப் போட்டுக்கொண்டார். 'பெயின்லெஸ் பார்க்கர்' என்று பலகை வைத்தார். சொந்தப் பெயரில்தான் தொழில் செய்ய வேண்டும் என்று கலிபோர்னியாவில் கெடுபிடி வந்ததும் அவர் செய்த காரியம் என்ன? 1915-ல் நீதிமன்றத்துக்குப் போய்த் தன் பெயரையே 'பெயின்லெஸ்' என்று மாற்றிக்கொண்டார்! நம் சந்தைக்காரரின் துணிமேல் கிடந்த பல்லும் இவர் கழுத்தில் தொங்கிய பல்லும் ஒன்றுதான். இப்படிப்பட்டவர்களை நினைத்துத்தான் ஊருக்கு ஊர் விதி எழுதினார்கள் போலும்.

சின்னங்களின் விஷயத்துக்கு வருவோம். டாக்டர் என்றதும் கை தானாகச் சிவப்புக் கூட்டல் குறியைப் போட்டுவிடும். அது மருத்துவத்தின் சின்னமே அல்ல. 1859-ல் சோல்பெரினோ போர்க்களத்தில் காயம்பட்டுக் கிடந்தவர்களைப் பார்த்த ஹென்றி துனாந்த் எடுத்த முயற்சியில் பிறந்தது செஞ்சிலுவை இயக்கம். 1864 ஜெனீவா ஒப்பந்தத்தில் சுவிட்சர்லாந்துக் கொடியின் நிறங்களைத் திருப்பிப் போட்டுச் சின்னம் ஆக்கினார்கள். 'இவர்களைச் சுடாதே' என்பதுதான் அதன் அர்த்தம். கண்டவர்களும் அதைப் போட்டுக்கொண்டால் போர்க்களத்தில் அதற்கு மரியாதை இருக்காது. அதனால் நம் நாட்டில் 1960-ம் ஆண்டு ஜெனீவா ஒப்பந்தச் சட்டம் அதை அனுமதியின்றிப் பயன்படுத்தத் தடை விதித்தது. அபராதம் 500 ரூபாய் வரை.

அடுத்தது பாம்பு. கிரேக்க வைத்திய தெய்வம் அஸ்கிலேப்பியஸ் கையில் இருப்பது ஒரு கோல், ஒரே பாம்பு, சிறகு கிடையாது. உலக சுகாதார நிறுவனக் கொடியில் இருப்பது அதுதான். இரண்டு பாம்பும் சிறகும் உள்ளது ஹெர்மஸ் என்ற தூதுவ தெய்வத்தின் கோல், வியாபாரிகளுக்கும் அவர்தான் காவல். அமெரிக்க ராணுவ மருத்துவப் பிரிவு 1902-ல் இந்த இரட்டைப் பாம்பை எடுத்துக்கொண்டது. அதைப் பார்த்து உலகமே எடுத்துக்கொண்டது.

பல் மருத்துவத்துக்கென்றே ஒரு சின்னம் உண்டு. அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 1965-ல் ஏற்றது. பழங்கால அராபியர் பயன்படுத்திய சூட்டுக்கோல் ஒன்றைச் சுற்றி ஒரு பாம்பு, பின்னால் டெல்டா, ஒமிக்ரான் என்று இரண்டு கிரேக்க எழுத்துகள், கிளைகளில் 32 இலைகள், 20 காய்கள். இலைகள் நிரந்தரப் பற்கள், காய்கள் பால் பற்கள். நிறம் வெளிர் ஊதா. கணக்கெல்லாம் அழகுதான். ஆனால் கோரிப்பாளையம் பஸ் ஸ்டாப்பில் வீங்கிய கன்னத்தோடு நிற்கிறவருக்கு இலையை எண்ண நேரம் ஏது? அதனால்தான் உலகம் முழுவதும் பல் படமே நின்றது.

அந்தப் பல் படத்தையும் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். எல்லாப் பலகையிலும் இரண்டு வேர் உள்ள கடைவாய்ப் பல்தான். அது கீழ்த்தாடைப் பல். மேல்தாடைக் கடைவாய்ப் பல்லுக்குப் பொதுவாக மூன்று வேர், முன்பல்லுக்கு ஒன்று. அவற்றை வரைந்தால் பல் என்றே யாருக்கும் தெரியாது. ஆனால் வேர் எப்போது கண்ணில் படும்? பல்லைப் பிடுங்கிய பிறகு! வாயில் இருக்கும் பல்லுக்கு வேர் தெரியாது. ஆக, 'உங்கள் பல்லைக் காப்பாற்றுகிறோம்' என்று சொல்லும் டாக்டர்கள் எல்லோரும் வாசலில் தொங்கவிடுவது பிடுங்கிய பல்லின் படம். கி.பி. 249-ல் அலெக்சாண்ட்ரியாவில் பற்களை உடைத்துச் சித்திரவதை செய்யப்பட்ட புனித அப்பலோனியா கையில் குறடும் பல்லுமாக வரையப்படுகிறார். பல் நோயாளிகளுக்கு அவர்தான் காவல். அந்தப் படமும் நம் பலகையும் ஒரே பயத்தைத்தான் நினைவூட்டுகின்றன.

சில மாதங்களுக்கு முன் எங்கள் தெருவில் கிளினிக் வைக்க வந்த இளம் பல் டாக்டர் ஒருவர், போனில் நாலைந்து சின்னங்களைக் காட்டி, "ஐயா, எது நல்லாருக்கு?" என்று கேட்டார். பல் ஒன்று சிரித்தது, ஒன்று கிரீடம் வைத்திருந்தது, ஒன்று வெறும் வளைந்த கோடு. பெயரும் ஆங்கிலத்தில் புன்னகை, முத்து, வெண்மை என்று. நான் கேட்டேன்: "தம்பி, ஒங்க பேரு எங்க? பதிவு எண் எங்க?" "அதெல்லாம் சின்னதா கீழ வரும் ஐயா" என்றார். "அதப் பெருசாப் போட்டுட்டு, பல்லைச் சின்னதாப் போடுங்க. வேரில்லாமப் போடுங்க" என்றேன். சிரித்தார். பிறகு அப்படியே செய்தார். படியேற முடியாத வயதானவர்களுக்காக, கிளினிக் தரைத்தளத்தில் இருக்கிறது என்பதையும் ஒரு வரி சேர்த்துக்கொண்டார். மூன்றடிக்கு இரண்டடிக்குள் எல்லாம் அடங்கியது.

பெயர் எப்படி வளர்கிறது என்பதற்கு நம் ஊரிலேயே பாடம் இருக்கிறது. எர்ஸ்கின் ஆஸ்பத்திரி என்று நாம் சொல்லிவந்த இந்தப் பெரியாஸ்பத்திரியில் கண் வைத்தியம் பார்த்த டாக்டர் கோ. வெங்கடசாமி, மூட்டுவாதத்தால் விரல்கள் கோணிய நிலையிலும் கத்தி பிடிக்கப் பழகியவர். 58 வயதில் ஓய்வு பெற்று, 1976-ல் 11 படுக்கைகளோடு ஓர் ஆஸ்பத்திரி தொடங்கினார். தான் குருவாக நினைத்த அரவிந்தரின் பெயரை வைத்தார். எந்த ஊர்க் கிளையில் வாங்கினாலும் ஒரே தரம் என்ற மெக்டொனால்ட்ஸ் கடையின் முறையைக் கண் ஆபரேஷனில் கொண்டுவர வேண்டும் என்பது அவர் ஆசை. இன்று 'அரவிந்த்' என்றால் கிராமத்துக் கிழவிக்கும் கண் ஆஸ்பத்திரி. அந்தப் பெயரில் கண் என்ற சொல்லே இல்லை. பார்வை திரும்பிக் கிடைத்தவர்கள் ஊருக்குப் போய்ச் சொன்ன சொல்தான் அதை வளர்த்தது.

பல் மருத்துவ நன்னெறி விதிகள் 2014-ல் திருத்தப்பட்டன. 2023-ல் 1948 சட்டத்தின் இடத்துக்கே புதிய தேசியப் பல் மருத்துவ ஆணையச் சட்டம் நிறைவேறியது. எனாமல் போய் பிளக்ஸ் வந்து, அதுவும் போய் மின்னும் எழுத்து வந்துவிட்டது. ஆனால் வலியோடு போகிறவருக்கு வேண்டியது மாறவில்லை: உள்ளே இருப்பவர் யார், என்ன படித்தவர், நாளைக்கு ஏதாவது என்றால் இதே இடத்தில் இருப்பாரா? இந்த மூன்றுக்கும் எந்தப் படமும் பதில் சொல்லாது. அடுத்த முறை பல் டாக்டரிடம் போகும்போது, சிரிக்கும் பல்லைப் பார்த்துவிட்டு நேரே உள்ளே போகாமல், கீழே சின்ன எழுத்தில் பெயரும் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று ஒரு நிமிஷம் பாருங்கள். கண்ணாடி போட்டுக்கொண்டு பாருங்கள், நம் வயதுக்கு அது அவசியம்.