ஜோக் தீர்ந்துபோன காலை

1964 ஆகஸ்ட். சோவியத் யூனியனுக்குப் போய்விட்டு அமெரிக்கா திரும்பிய நார்மன் கசின்ஸுக்கு லேசாகக் காய்ச்சல் அடித்தது. பயண அலுப்பு என்று விட்டுவிட்டார். ஒரே வாரத்தில் கழுத்தைத் திருப்ப முடியவில்லை, கையைத் தூக்க முடியவில்லை, விரலை மடக்க முடியவில்லை. ‘சாட்டர்டே ரிவ்யூ’ என்ற புகழ்பெற்ற பத்திரிகையின் ஆசிரியர் அவர். படுக்கையில் புரண்டு படுப்பதே பெரும்பாடு என்றானது. முதுகெலும்பைத் தாக்கும் மூட்டு நோய் என்றார்கள் மருத்துவர்கள். முழுதாகக் குணமாக ஐந்நூறில் ஒரு வாய்ப்புதான் என்று ஒரு நிபுணர் கணக்குச் சொன்னார். அந்த ஒருவர் நானாக இருந்துவிட்டுப் போகிறேன் என்று முடிவுகட்டினார் கசின்ஸ்.

அடுத்து அவர் வரவழைத்தது ஒரு சினிமா புரொஜெக்டர். மார்க்ஸ் சகோதரர்களின் பழைய நகைச்சுவைப் படங்களும், சாமானிய மனிதர்களை மறைந்திருந்து படம் பிடித்து அசடு வழிய வைக்கும் ‘கேண்டிட் கேமரா’ தொலைக்காட்சி நிகழ்ச்சியின் சுருள்களும் வந்து இறங்கின. ஜன்னல் திரையை இழுத்துவிட்டு நர்ஸ் படத்தை ஓட்டுவார். பத்து நிமிடம் வயிறு குலுங்கச் சிரித்தால் இரண்டு மணி நேரம் வலியில்லாமல் தூங்க முடிந்தது என்று கசின்ஸ் பின்னாளில் எழுதினார். தூக்கம் கலைந்து வலி திரும்பினால் மறுபடி புரொஜெக்டர். இந்த வைத்தியத்தில் ஒரே ஒரு சிக்கல். பக்கத்து அறை நோயாளிகளுக்கு அவருடைய சிரிப்பு தொந்தரவாக இருந்தது. ஆகவே ஓட்டல் அறை ஒன்றுக்குக் குடிபெயர்ந்தார். வாடகை ஆஸ்பத்திரிச் செலவில் மூன்றில் ஒரு பங்கு.

மெல்ல மெல்ல எழுந்து நடமாடினார். சிரிப்போடு வைட்டமின் சியையும் நரம்பு வழியாக ஏராளமாக ஏற்றிக்கொண்டார் என்பதைப் பலர் வசதியாக மறந்துவிடுகிறார்கள். எது குணப்படுத்தியது, நோய் தானாகத் தணிந்ததா என்று மருத்துவர்கள் சந்தேகம் எழுப்பியதும் நியாயம்தான். ஆனால் 1976-ல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் அவரே எழுதிய கட்டுரையும், 1979-ல் வந்த புத்தகமும் உலகைச் சுற்றின. அந்தப் புத்தகத்தின் தாக்கம் பல ஆண்டுகள் கழித்து மும்பை வரை வந்து சேர்ந்தது.

மும்பையில் மதன் கடாரியா என்ற டாக்டர் தம் மருத்துவத் தொழிலோடு ஓர் ஆரோக்கிய இதழையும் நடத்திவந்தார். சிரிப்பே மருந்து என்ற பொருளில் அதற்கு ஒரு கட்டுரை எழுத, கசின்ஸில் தொடங்கிக் கிடைத்த ஆராய்ச்சிகளையெல்லாம் படித்தார். 1995 மார்ச் 13, விடிகாலை நான்கு மணி. தூக்கம் வராமல் நடந்துகொண்டிருந்தவருக்குத் திடீரென்று ஒன்று தோன்றியது. சிரிப்பு இவ்வளவு நல்லதென்றால் எதற்காக அதைப் பற்றி எழுதிக்கொண்டிருக்க வேண்டும்? ஏழு மணிக்குப் பூங்காவில் இருந்தார். வாக்கிங் வந்தவர்களை நிறுத்தி, சேர்ந்து சிரிக்கலாமா என்று கேட்டார். டாக்டருக்கு என்னமோ ஆகிவிட்டது என்ற பார்வைதான் பலரிடமிருந்து கிடைத்தது. அன்று தேறியது ஐந்தே பேர்.

சில நாட்களில் ஐந்து ஐம்பதைத் தாண்டியது. வட்டமாக நிற்பார்கள். ஒருவர் நடுவில் வந்து ஜோக் சொல்வார், மற்றவர்கள் சிரிப்பார்கள். எல்லாம் பிரமாதமாகப் போனது, சுமார் இரண்டு வாரம் வரை. நம் ஊர்க் கல்யாண வீட்டில் ஜோக் சொல்லும் மாமாவின் கையிருப்பு எத்தனை நாள் வரும்? இங்கேயும் சரக்கு தீர்ந்தது. நல்ல ஜோக் தீர்ந்த இடத்தில் பச்சை ஜோக்கும், அடுத்தவர் மனதைக் குத்தும் ஜோக்கும் நுழைந்தன. முகம் சுளித்த இரண்டு பேர் டாக்டரிடம் வந்து, இதற்குப் பேசாமல் கலைத்துவிடலாம் என்றார்கள். ஒரே ஒரு நாள் அவகாசம் கேட்டார் கடாரியா.

அன்று இரவு படித்ததையெல்லாம் மறுபடி புரட்டினார். நிஜச் சிரிப்புக்கும் நடிப்புச் சிரிப்புக்கும் உடம்பு வித்தியாசம் பார்ப்பதில்லை என்ற கருத்தில் கண் நின்றது. மறுநாள் காலை அதை விளக்கிவிட்டு, ஒரே ஒரு நிமிடம் சும்மா சிரிப்பது போல் நடிக்கச் சொன்னார். ஆளுக்கு ஆள் சந்தேகத்தோடு பார்த்தார்கள். வறட்டுத்தனமாக ஹா, ஹா என்று ஆரம்பித்தார்கள். எதிரே நிற்பவரின் கோமாளித்தனமான முகத்தைப் பார்த்து ஒருவருக்கு நிஜமாகவே சிரிப்பு வந்தது. அது அடுத்தவரைத் தொற்றியது. ஏறக்குறைய பத்து நிமிடம் நிறுத்த முடியவில்லை. ஜோக் என்று ஒன்றுமே இல்லை!

நடந்ததற்கான சாட்சி இரண்டு ஆண்டு முன்பே அச்சாகியிருந்ததுதான் வேடிக்கை. மேரிலாந்தில் ராபர்ட் புரோவைன் என்ற உளவியலாளர் கடைத்தெருவிலும் நடைபாதையிலும் ஒட்டுக்கேட்டு 1,200 சிரிப்புகளைச் சேகரித்திருந்தார். சிரிப்புக்கு முன்னால் சொல்லப்பட்டதில் நகைச்சுவை என்று சொல்லத்தக்கது நூற்றுக்கு இருபதுகூடத் தேறவில்லை. “சரி, அப்புறம் பார்க்கலாம்” என்பது மாதிரியான சப்பைப் பேச்சுக்குத்தான் ஜனங்கள் சிரித்தார்கள்.

கடாரியாவின் மனைவி மாதுரிக்கு யோகா தெரியும். மூச்சை ஆழ இழுத்து விடும் பயிற்சி இடையிடையே சேர்ந்தது. கைதட்டிக்கொண்டு “ஹோ ஹோ, ஹா ஹா ஹா” என்பது வந்தது. நாக்கை நீட்டிக் கர்ஜிக்கும் சிங்கச் சிரிப்பு வந்தது. 1998 ஜனவரியில் மும்பை குதிரைப் பந்தய மைதானத்தில் ஏறக்குறைய 12,000 பேர் கூடிச் சிரித்தார்கள். அதுதான் முதல் உலகச் சிரிப்பு தினம்; பிற்பாடு மே முதல் ஞாயிறுக்கு மாறியது. காலையில் பூங்காப் பக்கம் போனால், வானத்தைப் பார்த்துக் கையைத் தூக்கிக் காரணமே இல்லாமல் சிரிக்கும் பெரியவர்கள் கூட்டம் ஒன்று தென்படுமே, அந்தச் சிரிப்பு மன்றம் பிறந்த கதை இதுதான். இரண்டு வாரத்தில் ஜோக் தீராமல் இருந்திருந்தால் அது இன்னொரு துணுக்குத் தோரண அரங்கமாகவே நின்றிருக்கும்.

உடம்பு வித்தியாசம் பார்ப்பதில்லை என்ற பேச்சு மட்டும் அப்படியே நிலைக்கவில்லை. 2011-ல் ஆக்ஸ்ஃபோர்டின் ராபின் டன்பார் குழு நகைச்சுவைக் காட்சிகளைப் போட்டுக் காட்டி, ஒயின் பாட்டிலைக் குளிர்விக்கும் உறையை உறைய வைத்துக் கையில் மாட்டி, எவ்வளவு நேரம் தாங்குகிறார்கள் என்று பார்த்தது. சிரித்தவர்கள் கூடுதல் நேரம் தாங்கினார்கள். மூச்சு வாங்கச் சிரிக்கையில் தசைகள் படும் பாட்டில் எண்டார்ஃபின் என்ற வலிநிவாரணியை மூளை சுரப்பதுதான் காரணமாக இருக்கும் என்றார்கள். ஆனால் அவர்கள் கணக்கில் அது மனம்விட்டு வெடிக்கும் சிரிப்பு. மரியாதைக்குக் காட்டும் இளிப்பு சேராது. அந்தப் பூங்காக்காரர்கள் போட்ட வேஷம் சில நிமிடங்களில் கலைந்து நிஜமானதில்தான் அவர்களுக்கு அதிர்ஷ்டம் அடித்தது.