முப்புரிக் கயிறும் ஒரு திருத்தமும்



ஜொகூரில் நான் கற்பிக்கும் தமிழ்ப்பள்ளியில், ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கு ஒரு கேள்வி கொடுத்திருந்தேன்: "காது மடலின் உருவத்தைத் தாங்கி நிற்பது எது?" ஒரு மாணவன் "எலும்பு" என்று எழுதினான். விடை குருத்தெலும்பு, ஆகவே சிவப்பு மையால் பிழையிட்டேன். அதன் பிறகு அவன் வகுப்பில் கை தூக்குவதையே நிறுத்திக்கொண்டான். அந்தப் பிழைக்குறி என்னை உறுத்தியபோது நினைவுக்கு வந்த வரலாறு இது.

நம் உடல் உயிரணுக்களால் மட்டும் ஆனதன்று. உயிரணுக்களுக்கு வெளியே, அவற்றைச் சூழ்ந்து தாங்கும் இழைவலை ஒன்று உண்டு. அதன் முதன்மையான புரதம் கொலாஜன். தோல், தசைநாண், எலும்பு, குருத்தெலும்பு ஆகிய அனைத்திலும் அது உள்ளது. எலும்பில் அதனோடு சுண்ணாம்புச் சத்து சேர்வதால் கடினம் உண்டாகிறது. குருத்தெலும்பில் நீரைப் பிடித்து வைக்கும் வேறு மூலக்கூறுகள் சேர்வதால் அழுத்தத்தைத் தாங்கும் தன்மை உண்டாகிறது.

இந்தக் கொலாஜனின் வடிவம் என்ன? 1951இல் அமெரிக்க அறிஞர் லைனஸ் பாலிங், தம் சகா ஒருவருடன் ஓர் அமைப்பை முன்வைத்தார், அது பொருந்தவில்லை. 1952இல் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைக்குத் தலைமை ஏற்றவர் ஜி. என். இராமச்சந்திரன். எர்ணாகுளத்தில் 1922இல் பிறந்த அவருக்கு அப்போது வயது முப்பதுகூட நிறைவடையவில்லை. அவ்வாண்டு சென்னைக்கு வந்த பிரித்தானிய அறிவியலாளர் ஜே. டி. பெர்னால், கொலாஜன் இன்னும் விடுபடாத புதிர் என்று எடுத்துரைத்தார். பக்கத்திலேயே மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் இருந்தது. பதனிட்ட தோல் என்பதே பெரும்பாலும் கொலாஜன்தானே! மாதிரிகள் அங்கிருந்து கிடைத்தன. கங்காருவின் வால் தசைநாணும் எக்ஸ் கதிர் ஆய்வுக்குப் பயன்பட்டது.

1954இல் இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 'நேச்சர்' இதழில் தம் விடையை வெளியிட்டனர். கொலாஜன் மூன்று சங்கிலிகள் சேர்ந்தது. ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் கிளைசின் என்னும் மிகச் சிறிய அமினோ அமிலம் அமைகிறது. மூன்று இழைகளும் நெருங்கும் உட்புறத்தில் வேறெதற்கும் இடம் போதாது. 1955இல், இம்மூன்றும் ஒன்றையொன்று சுற்றி முறுக்கிக்கொள்கின்றன என்று தம் அமைப்பைத் தாங்களே திருத்தினர். முப்புரிக் கயிறு உருவானது.

அதே ஆண்டில் கேம்பிரிட்ஜில் பிரான்சிஸ் கிரிக்கும் அலெக்சாண்டர் ரிச்சும் ஒரு குறையைச் சுட்டினர். சென்னை அமைப்பில் சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கியுள்ளன. மூன்று அமினோ அமிலங்களுக்கு இரண்டு ஹைட்ரஜன் பிணைப்புகள் இருக்க இயலாது, ஒன்றே இருக்கும் என்றனர். 1994இல் வெளிவந்த நுட்பமான படிக ஆய்வு, முப்புரி வடிவத்தை உறுதிசெய்தது. பிணைப்பு ஒன்றே என்பதையும் காட்டியது.

இராமச்சந்திரன் அந்தக் குறையைக் கேட்டுச் சோர்ந்துவிடவில்லை. அணுக்கள் உண்மையில் எவ்வளவு நெருங்கலாம் என்ற கேள்வியையே ஆய்வாக்கினார். சி. இராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகியோருடன் 1963இல் அவர் வெளியிட்ட 'இராமச்சந்திரன் வரைபடம்' அதன் விளைவே. இன்றும் ஒரு புரதத்தின் அமைப்பு சரியாக உள்ளதா என்று சோதிக்க உலகெங்கும் அதனைப் பயன்படுத்துகின்றனர். அவர் 2001இல் சென்னையில் மறைந்தார்.

ஒரு விடையின் குறை, அடுத்த கண்டுபிடிப்பின் வாசலாயிற்று. என் மாணவனின் விடையும் முழுப் பிழையன்று; எலும்புக்கும் குருத்தெலும்புக்கும் கொலாஜன் பொதுவானது. மறுநாள் மூன்று நூல்களை முறுக்கிக் காட்டி, அவனிடம் அதைச் சொன்னேன். சற்று யோசித்துவிட்டு, "அப்படியென்றால் எலும்பு ஏன் வளையவில்லை, டீச்சர்?" என்று கேட்டான்.

கை மீண்டும் உயர்ந்துவிட்டது. பிழையிடும் முன், அவ்விடையில் எந்தப் பாதி சரி என்று நாமும் ஒரு கணம் பார்ப்போமா?

அன்புடன்,
உங்கள் ஆசிரியை