மூன்றரை அங்குல யுத்தம்

ப்ளஸ் டூ பரீட்சை முடிந்துவிட்டது. பையன் சும்மா இருப்பானா? 'கேம் எல்லாம் திணறுதுப்பா, ஒரு கிராஃபிக்ஸ் கார்டு மட்டும் வாங்கிக் கொடுத்துடு' என்று ஆரம்பிக்கிறான். உங்கள் வீடு ராஜகீழ்ப்பாக்கத்தில் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். மேடவாக்கம் வழியாக வேளச்சேரிக்கு பஸ். அங்கிருந்து பறக்கும் ரயில். சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கி நடந்தால் ரிச்சி ஸ்ட்ரீட். ஒரு காலத்தில் ரேடியோ உதிரி பாகங்களுக்குப் பேர் போன தெரு, பிற்பாடு கம்ப்யூட்டர் தெருவாகிவிட்டது.

கடைக்காரர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கேட்பார்: 'என்ன போர்டு சார்? எஸ்.எம்.பி.எஸ். எத்தனை வாட்ஸ்?'

நீங்கள் பையனைப் பார்ப்பீர்கள். பையன் கூகுளைப் பார்ப்பான்.

போகட்டும். அவர் கேட்காத ஒரு கேள்வியைக் கவனித்தீர்களா? 'போர்டு தயாரித்த அதே கம்பெனி கார்டுதான் வேணுமா?' என்று கேட்கவே இல்லை. மதர்போர்டு ஒரு கம்பெனி, பிராசஸர் வேறொரு கம்பெனி, கேபினெட்டில் பேரே கிடையாது. ஆனாலும் எவனோ செய்த கார்டு அதில் போய் 'டக்'கென்று உட்கார்ந்து வேலை செய்கிறது. மிக்ஸியில் இது நடக்குமா? ஒரு கம்பெனி மிக்ஸிக்கு இன்னொரு கம்பெனி ஜாரை மாட்டிப் பாருங்கள், தெரியும்.

கம்ப்யூட்டரில் மட்டும் எப்படி இந்த சுதந்தரம்? யாரும் தானமாகக் கொடுக்கவில்லை சார். கார்டு உட்காருகிற அந்த ஸ்லாட்டின் நீளம் இன்றைக்குக் கிட்டத்தட்ட மூன்றரை அங்குலம். அதற்காக ஒரு யுத்தமே நடந்திருக்கிறது.

1981, ஆகஸ்ட் 12. ஐ.பி.எம். தன் முதல் பிசியை வெளியிட்டது. அவசர அவசரமாகச் செய்த சரக்கு. வெளியார் பாகங்களை வாங்கிக் கோத்திருந்தார்கள். உள்ளே ஐந்து ஸ்லாட்டுகள். கூடவே ஒரு புத்தகம், சர்க்யூட் படங்கள் உட்பட எல்லா விவரங்களோடும். 'யார் வேண்டுமானாலும் இதற்கு கார்டு செய்யலாம்' என்று சொல்லாமல் சொல்லிவிட்டார்கள். செய்தார்கள். கார்டு மட்டுமா? கம்ப்யூட்டரையே செய்துவிட்டார்கள்!

பிசிக்கு உயிர்நாடி அதன் பயாஸ். அதற்கு மட்டும் ஐ.பி.எம். காப்புரிமை வைத்திருந்தது. காம்பேக் என்ற புதுக் கம்பெனி என்ன செய்தது தெரியுமா? ஒரு குழு அந்த பயாஸ் என்னென்ன வேலை செய்கிறது என்று மட்டும் எழுதிக் கொடுத்தது. ஒரிஜினலைக் கண்ணால்கூடப் பார்க்காத இன்னொரு குழு, அந்தக் குறிப்பை வைத்துப் புதிதாக எழுதியது. காப்பி இல்லை, ஆனால் அதே வேலையைச் செய்யும். 1982 நவம்பரில் காம்பேக் தன் கம்ப்யூட்டரை அறிவித்தது. பிறகு ஆளாளுக்குக் கிளம்பிவிட்டார்கள்.

ஐ.பி.எம்.முக்கு வயிறு எரியாதா? நான் பி.காம். படித்தவன், எனக்கே எரிகிறது. சொந்தக் காசில் ரோடு போட்டால் ஊரே அதில் பஸ் விடுகிறது!

1987, ஏப்ரல் 2. ஐ.பி.எம். பதிலடி கொடுத்தது. பி.எஸ்./2 என்று ஒரு புது வரிசை. உள்ளே மைக்ரோ சேனல் என்ற புது ஸ்லாட். நிஜமாகவே நல்ல சரக்கு. பழசைவிட வேகம். கார்டில் இருக்கிற குட்டிக் குட்டி ஜம்பர்களைப் பிடுங்கி மாற்றி மாட்டுகிற அவஸ்தை கிடையாது. ஆனால் ரெண்டு கொக்கிகள். ஒன்று, பழைய கார்டு எதுவும் அதில் நுழையாது. ரெண்டு, இந்த ஸ்லாட்டை வைத்து மற்றவர்கள் கம்ப்யூட்டர் செய்யவேண்டுமென்றால் ஐ.பி.எம்.முக்குக் கப்பம் கட்டவேண்டும்.

மற்றவர்கள் கட்டினார்களா? 1988 செப்டம்பரில் காம்பேக் தலைமையில் ஒன்பது கம்பெனிகள் கைகோத்துக்கொண்டன. ஹெச்.பி., எப்சன், என்.ஈ.சி., ஒலிவெட்டி என்று எல்லாம் ஒருவருக்கொருவர் போட்டியாளர்கள். பத்திரிகைகள் வைத்த பெயர், 'ஒன்பது பேர் கும்பல்'. இவர்கள் ஈசா என்று இன்னொரு ஸ்லாட்டைக் கொண்டுவந்தார்கள். அதில் ஒரு சாமர்த்தியம். ஸ்லாட்டுக்குள் ரெண்டு அடுக்கு. பழைய கார்டு மேல் அடுக்கோடு நின்றுவிடும், புது கார்டு கீழ் அடுக்கு வரை இறங்கும். பழசு வைத்திருக்கிறவனும் பிழைத்துக்கொள்வான்.

ஜெயித்தது யார்? ரெண்டு பேரும் இல்லை! ஈசா விலை அதிகம், பெரிய ஆபீஸ் சர்வர்களோடு நின்றுவிட்டது. மைக்ரோ சேனலைக் கம்ப்யூட்டர் உலகம் மறந்தேபோனது. ஆனால் ஒரு வேடிக்கை பாருங்கள். அதே பி.எஸ்./2வில் இருந்த வேறு ரெண்டு விஷயங்களை எல்லாரும் காப்பி அடித்தார்கள். ஒன்று, மானிட்டர் ஒயர் மாட்டுகிற வி.ஜி.ஏ. சாக்கெட். பதினைந்து ஓட்டை, பிற்பாடு நீல நிறம். மற்றது, கீபோர்டும் மவுஸும் மாட்டுகிற உருண்டை சாக்கெட்கள். நம் ஊர் ப்ரவுசிங் சென்டர் ஒவ்வொன்றிலும் கம்ப்யூட்டருக்குப் பின்னால் குனிந்தால் அவைதான் இருந்தன. பூட்டி வைத்தது செத்தது. ஊரே எடுத்துக்கொண்டது முப்பது வருஷம் உழைத்தது.

இந்தப் பாடத்தை ஒழுங்காகப் படித்தது இன்டெல். 1992இல் பி.சி.ஐ. என்ற ஸ்லாட்டைக் கொண்டுவந்தார்கள். கொண்டுவந்ததோடு, அதைப் பராமரிக்க எல்லாக் கம்பெனிகளும் உறுப்பினராகச் சேரக்கூடிய ஓர் அமைப்பையும் உண்டாக்கினார்கள். எதிரிக்கும் நாற்காலி உண்டு. ஸ்லாட்டில் லாபம் பார்க்கவேண்டாம், ஸ்லாட் பெருகினால் பிராசஸர் விற்கும் என்று கணக்கு. பலே கணக்கு.

இங்கேதான் நம்மவர் ஒருவர் வருகிறார். அஜய் பட். குஜராத்தின் வதோதராவில் மகாராஜா சாயாஜிராவ் பல்கலைக்கழகத்தில் படித்து, அமெரிக்கா போய், 1990இல் இன்டெல்லில் சேர்ந்தவர். நீங்கள் தினமும் பென் டிரைவ் சொருகுகிற யு.எஸ்.பி.யின் முக்கிய கர்த்தா. வீட்டில் பிரின்டரை கம்ப்யூட்டரோடு இணைக்க மனைவி பட்ட பாட்டைப் பார்த்துத்தான் அந்த யோசனை வந்தது என்பார். கிராஃபிக்ஸ் கார்டுக்கென்றே 1997இல் வந்த ஏ.ஜி.பி. ஸ்லாட், பிறகு வந்த பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் இரண்டிலும் அவர் கை இருக்கிறது. 2009இல் இன்டெல் ஒரு விளம்பரத்தில் அவரை ராக் ஸ்டார் மாதிரி காட்டியது. நடித்தவர் வேறு ஒருவர் என்பது தனிக்கதை.

அந்த ஏ.ஜி.பி. காலத்தில் ஒரு விபரீதம் நடந்தது. முதலில் வந்த கார்டுகள் 3.3 வோல்ட்டில் ஓடின. பின்னால் வந்தவை 1.5 வோல்ட். தப்பான கார்டு நுழையக்கூடாது என்பதற்காகக் கார்டின் அடியில் வெட்டு வைத்திருந்தார்கள், வோல்ட்டேஜுக்குத் தகுந்த இடத்தில். ஆனால் சில மலிவு கார்டுகளில், உள்ளே 3.3 வோல்ட்டை வைத்துக்கொண்டு வெளியே ரெண்டு வெட்டும் போட்டிருந்தார்கள். அதை 1.5 வோல்ட் மட்டும் தாங்குகிற பென்டியம் 4 போர்டில் மாட்டினால்? போர்டு காலி. கடைசியில் போர்டு கம்பெனிகளில் சில, தப்பான கார்டை மாட்டினால் எரிகிற ஒரு சிவப்பு விளக்கையே வைக்கவேண்டி வந்தது. 'நுழைகிறது, அதனால் ஓடும்' என்று நம்பக்கூடாது.

2004இல் பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் போர்டுகள் கடைக்கு வந்தன. ஏ.ஜி.பி. வைத்திருந்தவர்கள் அம்போ. புது கார்டு வேண்டுமென்றால் போர்டு, பிராசஸர், ராம் எல்லாம் மாற்றவேண்டும். கார்டு கம்பெனிகள் பாவம் பார்த்து, நடுவே பாலம் மாதிரி ஒரு சின்ன சிப்பை வைத்து 2008 வாக்கில்கூட ஏ.ஜி.பி.க்கு கார்டு விட்டன. அதற்குப் பிறகு ஸ்லாட்டின் உருவம் மாறவே இல்லை. தலைமுறைக்குத் தலைமுறை வேகம் மட்டும் இரட்டிப்பு. 2005இல் வாங்கிய போர்டின் ஸ்லாட்டில் 2025 கார்டு உட்காரும்.

இந்தக் கதையில் ஒரு கிளைக்கதை. த்ரீ-டி-எஃப்-எக்ஸ் என்று ஒரு கம்பெனி. 1996இல் வூடூ என்ற கார்டை விட்டு விளையாட்டு உலகத்தையே கட்டிப்போட்டது. சிப் மட்டும் அவர்களுடையது, அதை வாங்கி கார்டாகச் செய்து விற்றவர்கள் பல பேர். 1998இல் திடீரென்று ஆசை வந்தது. எஸ்.டி.பி. என்ற கார்டு கம்பெனியை வாங்க முடிவு செய்தார்கள். இனி கார்டும் நாமே செய்வோம், சிப்பை யாருக்கும் தரமாட்டோம். எல்லா லாபமும் நமக்கே!

நல்ல யோசனைதானே? ஆனால் சிப் கிடைக்காத கார்டுக்காரர்கள் எங்கே போவார்கள்? எதிர்க்கடைக்குத்தான். அந்த எதிர்க்கடையின் பெயர் என்விடியா. 1993இல் தொடங்கியது. அதன் முதல் சிப் ஊர் போகிற பாதையில் போகாமல், தனக்கென்று ஒரு முறையில் படம் வரைந்தது. மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் வேறு முறையை எடுத்துக்கொள்ள, கம்பெனி மூழ்கவிருந்தது. ஜப்பானின் சேகா கொடுத்த 50 லட்சம் டாலரில் மூச்சு விட்டு, 1997இல் விண்டோஸ் முறைக்கே மாறிப் பிழைத்தது. அதனால் ஒத்துப்போவதன் அருமை அவர்களுக்குத் தெரியும். 2000 டிசம்பரில் த்ரீ-டி-எஃப்-எக்ஸ் தன் சொத்துகளை விற்றது. வாங்கியது யார்? என்விடியாவேதான்.

சரி, உங்கள் பையன் கதைக்கு வருவோம். ஸ்லாட் யுத்தம் முடிந்துவிட்டது என்று நிம்மதியாக இருக்கமுடியாது. யுத்தம் இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

முதல் இடம், கரன்ட். ஸ்லாட் கொடுப்பது 75 வாட்ஸ். அதற்கு மேல் வேண்டுமென்றால் எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து தனி ஒயர். ஆறு பின் ஒயர் 75 வாட்ஸ், எட்டு பின் 150. 2022இல் வந்த பதினாறு பின் 600 வாட்ஸ் வரை. ஆர்.டி.எக்ஸ். 4090 கார்டில் அந்தப் புது ஒயரின் முனை உருகிப்போய் பெரிய ரகளை. சரியாக அழுத்திச் சொருகாததுதான் காரணம் என்றது என்விடியா. ஆனாலும் அடுத்த வருஷமே அந்த முனையைத் திருத்தி அமைத்தார்கள். ஆகவே கார்டு வாங்கும்முன் எஸ்.எம்.பி.எஸ். மேல் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரை போட்டோ எடுத்துக்கொண்டு போங்கள்.

இரண்டாவது, லேன். ஸ்லாட் பதினாறு லேன் ரோடு. ஆனால் 2022 ஜனவரியில் ஏ.எம்.டி. விட்ட ஆர்.எக்ஸ். 6500 எக்ஸ்.டி. நாலு லேனை மட்டுமே பயன்படுத்துகிறது. புது போர்டில் பரவாயில்லை. பழைய போர்டில் ஒவ்வொரு லேனின் வேகமும் பாதி. கார்டு ஓடும், ஆனால் விலைக்குத் தகுந்த ஓட்டம் இருக்காது. மலிவு கார்டை யார் வாங்குவார்கள்? பழைய போர்டு வைத்திருப்பவர்தான். அவருக்குத்தான் அது சரிப்படாது! அதே 2022இல் வந்த இன்டெல் ஆர்க் கார்டுகளும் அப்படித்தான். போர்டின் பயாஸில் 'ரீசைஸபிள் பார்' என்ற வசதி இல்லாவிட்டால் முக்கி முனகும்.

மூன்றாவது, இடம். கேபினெட்டைத் திறந்து டேப் வைத்து அளந்துவிடுங்கள். இன்றைய கார்டுகளில் பல ஒரு அடி நீளம், ரெண்டு மூன்று ஸ்லாட் அகலம். நம் ஊர் மே மாசத்தில் காற்று போக வழியும் வேண்டும்.

நான்காவதுதான் எனக்கு உறுத்துவது. கடைக்காரர் சில சமயம் கேட்பார்: 'அசெம்பிள்டா சார், பிராண்டடா?' ஆபீஸ்களில் கழித்துக்கட்டிய பிராண்டட் கம்ப்யூட்டர்கள் மலிவாகக் கிடைக்கின்றன. படிக்கிற பிள்ளைக்கு அதைத்தான் வாங்கித் தருகிறோம். திறந்து பார்த்தால் சிலவற்றில் எஸ்.எம்.பி.எஸ். தனி உருவம், போர்டில் சொருகுகிற முனை தனி ரகம், பின்பக்கம் பாதி உயரக் கார்டுதான் நுழையும். வெளிக்கடை சாமான் எதுவும் சேராது. 1987இல் ஐ.பி.எம். செய்ய நினைத்ததை இப்போது பெட்டியின் மூலை முடுக்கில் சத்தமில்லாமல் செய்கிறார்கள். அந்தப் பெட்டிதான் வீட்டில் இருக்கிறதென்றால், தனி ஒயர் கேட்காத, 75 வாட்ஸுக்குள் ஓடுகிற, பாதி உயரக் கார்டு ஒன்றைத் தேடுங்கள். பெரிய கார்டைக் கனவு காணவேண்டாம்.

இன்னொன்று. செகண்ட் ஹாண்டில் கார்டு சல்லிசாக வந்தால் பூர்விகம் விசாரியுங்கள். 2022 செப்டம்பரில் எதீரியம் நாணயம் கிராஃபிக்ஸ் கார்டு வைத்துத் தோண்டுகிற முறையைக் கைவிட்டபோது, இரவு பகலாக உழைத்து ஓய்ந்த கார்டுகள் மார்க்கெட்டில் கொட்டின. புதுசோ பழசோ, பில் இல்லாமல் கொஞ்சம் குறைத்துத் தருகிறேன் என்றால் வேண்டாம். வாரன்டிக்குப் போய் நிற்கும்போது அந்தக் காகிதம்தான் பேசும்.

காசு கொடுத்து வாங்கிய பெட்டியைத் திறந்து, பிடித்த கார்டைப் பிடித்த கடையில் வாங்கி மாட்டுகிற உரிமை உங்கள் பையனுக்கு இருக்கிறது. ஒன்பது போட்டிக் கம்பெனிகள் ஒரு மேஜையில் உட்கார்ந்ததால் தப்பித்த உரிமை அது. செல்போனில் பேட்டரியைக் கழற்றுகிற உரிமை எப்போது போனது என்று யோசித்துப் பாருங்கள். யாரும் அறிவித்துவிட்டா பிடுங்கினார்கள்? அடுத்த முறை கம்ப்யூட்டர் வாங்கும்போது விலையைக் கேட்கும் முன்னால், 'கொஞ்சம் மூடியைத் திறந்து காட்டுங்க சார்' என்று கேளுங்கள்.