அணுமின் ஆற்றலின் நன்மை தீமைகள்: கூடங்குளம் விவாத வரலாற்றில் கடற்கரையும் உள்நாடும் (1988–2018)

ஆய்வுச் சுருக்கம்

அணுமின் ஆற்றலின் நன்மை தீமைகள் பெரும்பாலும் ஒரே தராசின் இரு தட்டுகளாக எடைபோடப்படுகின்றன. கூடங்குளம் திட்டத்தில் நன்மையை எதிர்பார்த்தோரும் தீமையை அஞ்சியோரும் பெரும்பாலும் வெவ்வேறு நிலப்பகுதியினர் என்பதையும், அவ்வேறுபாடு விவாதத்தில் பெற்ற இடத்தையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: அணுமின் ஆற்றல், கூடங்குளம், இடிந்தகரை, மொரப்பூர், மின்வெட்டு, பயன்–சுமைப் பகிர்வு.

முன்னுரை

தமிழகத்தில் அணுமின் உற்பத்தி கல்பாக்கத்தில் தொடங்கியது. அங்கு முதல் உலை 1984இலும் இரண்டாம் உலை 1986இலும் வணிக உற்பத்திக்கு வந்தன. எனினும், அணுமின்சாரம் மாநிலம் தழுவிய விவாதப் பொருளானது கூடங்குளத்தால்தான். அந்நிலையத்திலிருந்து 400 கிலோமீட்டருக்கு மேல் வடக்கே, தருமபுரி மாவட்டத்தில் உள்ள மொரப்பூர் போன்ற ஊர்களுக்கும் இவ்விவாதத்தில் இடமுண்டு. அவ்விடம் எத்தகையது என்பதே இக்கட்டுரையின் வினா.

திட்டமும் எதிர்ப்பும்

1988 நவம்பர் 20இல் ராஜீவ் காந்தி, கோர்பசேவ் ஆகியோர் முன்னிலையில் தலா 1000 மெகாவாட் திறனுள்ள இரு உலைகளுக்கான ஒப்பந்தம் கையெழுத்தானது. உலைக்குத் தேவையான நன்னீரைப் பேச்சிப்பாறை அணையிலிருந்து கொணரும் தொடக்கத் திட்டத்தைக் குமரி மாவட்ட உழவர்கள் எதிர்த்தனர். 1989 மே 1இல் கன்னியாகுமரியில் நடைபெற்ற மீனவர் பேரணி துப்பாக்கிச் சூட்டில் முடிந்தது. சோவியத் ஒன்றியத்தின் சிதைவால் தடைப்பட்ட திட்டம், 1998இல் புதிய உடன்பாட்டால் உயிர்பெற்று, 2002இல் கட்டுமானத்தை எட்டியது.

2011 மார்ச் 11இல் நேர்ந்த புகுஷிமா விபத்து, கடலோர மக்களின் அச்சத்திற்குக் கண்கூடான சான்றாயிற்று. இடிந்தகரையில் உண்ணாநிலைப் போராட்டம் தொடங்கியது. மக்களின் அச்சம் நீங்கும்வரை பணிகளை நிறுத்துமாறு 2011 செப்டம்பர் 22இல் தமிழக அமைச்சரவை தீர்மானித்தது. ஆறு மாதங்களுக்குள், 2012 மார்ச் 19இல், அதே அமைச்சரவை பணிகளைத் தொடர இசைந்தது.

மின்வெட்டும் உள்நாடும்

இம்மாற்றத்தை மின்பற்றாக்குறையோடு இணைத்தே விளங்கிக்கொள்ள வேண்டும். 2012இல் சென்னைக்கு இரண்டு மணி நேர மின்வெட்டு அறிவிக்கப்பட்டிருக்க, பிற மாவட்டங்களில் அது பல மணி நேரம் நீண்டது. கிணற்றுப் பாசனத்தைப் பெரிதும் நம்பிய தருமபுரி மாவட்டத்தில் மின்வெட்டு என்பது பயிருக்கு நீரின்மையே ஆகும். 1990 முதல் வேளாண்மைக்கு இலவச மின்சாரம் உரிமையாக இருந்தபோதும், மின்சாரமே இல்லாதபோது அவ்வுரிமை பொருளற்றதாயிற்று. இவ்வாறு உள்நாட்டின் இருள், கடற்கரையின் அச்சத்திற்கு எதிரான வாதமாக முன்னிறுத்தப்பட்டது. 2012 செப்டம்பர் 10இல் போராட்டத்தின்போது மணப்பாட்டில் மீனவர் ஒருவர் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார்.

ஆயினும், எதிர்பார்த்த பயன் முழுமையாக உள்நாட்டை அடையவில்லை. தொடக்க ஒதுக்கீட்டில் 2000 மெகாவாட்டில் 925 மெகாவாட்டே தமிழகத்தின் பங்கு. முதல் உலை மின்தொகுப்பில் இணைந்தது 2013 அக்டோபர் 22இல்தான். ஏறத்தாழ அதே காலத்தில் மேட்டூர், வடசென்னை, வல்லூர் அனல்மின் நிலையங்களின் புதிய அலகுகளும் இயங்கத் தொடங்கின. எனவே, மின்வெட்டு நீங்கியமையைக் கூடங்குளத்தின் விளைவாக மட்டும் கொள்ள இயலாது.

வாதங்களின் மதிப்பீடு

ஆதரவு வாதங்கள் புறந்தள்ளத் தக்கவையல்ல. தமிழகத்தின் காற்றாலை மின்சாரம் பருவத்தைச் சார்ந்தது. அணு உலையோ காற்றையும் மழையையும் எதிர்பாராமல், கரிவளி உமிழாமல் மின்சாரம் தருகிறது. 2004 ஆழிப்பேரலையின்போது கல்பாக்கத்தில் கடல்நீர் புகுந்தும், இயங்கிக்கொண்டிருந்த உலை பாதுகாப்பாக நிறுத்தப்பட்டது.

எதிர் வாதங்களுள் வலிமையானது பயன்படுத்திய எரிபொருள் பற்றியது. 2013 மே 6இல் திட்டத்தை அனுமதித்த உச்ச நீதிமன்றம், 15 நெறிமுறைகளை விதித்தது. பயன்படுத்திய எரிபொருளை உலைக்கு வெளியே சேமிக்கும் அமைப்பை ஐந்தாண்டுகளில் நிறுவுவதும், போராடியோர்மீதான குற்ற வழக்குகளைத் திரும்பப் பெற முயல்வதும் அவற்றுள் அடங்கும். ஐந்தாண்டுகளில் சேமிப்பு அமைப்பு நிறைவேறாமையால், 2018இல் அக்கெடு 2022 வரை நீட்டிக்கப்பட்டது. மின்சாரம் உற்பத்தியான கணத்தில் நுகரப்படுகிறது; எரிபொருள் எச்சமோ தலைமுறைகளைக் கடந்து உற்பத்தி இடத்திலேயே தங்குகிறது.

முடிவுரை

கூடங்குளம் வரலாறு காட்டுவது, நன்மை தீமைகளின் பட்டியல் மட்டும் முடிவுக்குப் போதாது என்பதையே. பயன் மின்தொகுப்பின் வழியே பரவுகிறது. சுமை ஓரிடத்தில் குவிகிறது. மொரப்பூர் உழவரின் மின்தேவையும் இடிந்தகரை மீனவரின் அச்சமும் ஒன்றையொன்று பொய்யாக்குவன அல்ல. அவற்றை எதிரெதிராக நிறுத்தியது, பற்றாக்குறையை மாவட்டங்களுக்கு ஏற்றத்தாழ்வாகப் பங்கிட்ட நிருவாகமும், இசைவை நெருக்கடிக் காலத்தில் பெற முனைந்த அரசியலுமே ஆகும். எனவே, தமிழக அணுமின் வரலாற்றை எழுதுவோர் உலை அமைந்த ஊரையும் மின்சாரம் சென்றடையும் ஊரையும் ஒருங்கே ஆய்வுக்களமாகக் கொள்வது இன்றியமையாதது.