மலையேறும் இருப்புப்பாதையும் அதன் குலுக்கமும்: ஒரு வரலாற்று நோக்கு

போக்குவரத்து வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் திறப்புவிழாக்களின் வரலாற்றையே எழுதிச் செல்கின்றனர். எந்த ஆண்டில் எந்த ஊருக்கு முதல் வண்டி வந்தது, அதில் ஏறிவந்த தேசாதிபதி யார், பாதையை வகுத்த பொறியியலாளர் யார் என்பன ஏடுகளில் இடம்பெறுகின்றன. விழா முடிந்த மறுநாட் காலை முதல் அப்பாதையை வண்டி ஓடத்தக்க நிலையில் வைத்திருந்தவர் யாவர் என்னும் வினா அரிதாகவே எழுப்பப்படுகின்றது. மலையகத்துப் புகையிரதப் பாதையை இவ்வினாவோடு அணுகுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். அதற்கு வாயிலாக, அப்பாதையிற் பயணஞ் செய்த எவரும் தம் உடம்பினால் அறிந்த ஒன்றையே எடுத்துக்கொள்வோம். அதுதான் குலுக்கம்.

நாவலப்பிட்டியைத் தாண்டியதும் வண்டியின் நடை மாறிவிடுகின்றது. சில்லுகள் வளைவுகளிற் கிறீச்சிடுகின்றன. பெட்டிகள் இருபுறமும் அசைகின்றன. நிற்பவர் கம்பியைப் பற்றிக்கொள்ள வேண்டியவராகின்றார். களியாட்டப் பூங்காக்களில் உள்ள ரோலர் கோஸ்டர் என்னும் விளையாட்டு வண்டியோடு இப்பயணத்தை ஒப்பிடுவோர் உளர். விளையாட்டாகக் கூறப்படும் இவ்வொப்புமைக்கு வரலாற்று அடிப்படையும் உண்டு. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் மௌச் சங்க் என்னுமிடத்தில் 1827 இல் நிலக்கரி இறக்குவதற்கென ஒரு மலைப்பாதை அமைக்கப்பட்டது. நிலக்கரி ஏற்றிய பெட்டிகள் தம் எடையினாலேயே சரிவில் உருண்டு இறங்கின. 1870களில் நிலக்கரி வேறு வழியாற் செல்லத் தொடங்கியபின் அப்பாதை உல்லாசப் பயணிகளுக்கே உரியதாயிற்று. அதன் வழியிலேயே 1884 இல் நியூயோர்க் நகரத்துக் கோனி ஐலண்டில் லாமார்க்கஸ் தொம்சன் என்பவர் ஒரு விளையாட்டு இருப்புப்பாதையை அமைத்தார். இன்றைய ரோலர் கோஸ்டர்களின் வளர்ச்சி அதிலிருந்தே தொடங்குகின்றது எனலாம். ஆகவே உழைப்புக்கென எழுந்த மலைப்பாதையே விளையாட்டு வண்டியின் தாய் ஆகும்.

அதே 1884 ஆம் ஆண்டிலேதான் இலங்கையின் பிரதான புகையிரதப் பாதை அட்டனை வந்தடைந்தது. கோப்பிச் செய்கையாளரின் வற்புறுத்தலால் எழுந்த அப்பாதைக்கு 1858 இல் தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட் முதல் மண் வெட்டினார். 1864 இல் அம்பேபுசை வரையும், 1867 இல் கண்டி வரையும், 1874 இல் நாவலப்பிட்டி வரையும் வண்டி ஓடிற்று. அட்டனுக்கு அடுத்த ஆண்டே, அதாவது 1885 இல், நானுஓயா எட்டப்பட்டது. பதுளையை அடைய 1924 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. கோப்பிக்கெனத் திட்டமிட்ட பாதை அட்டனை அடைந்த வேளையிற் கோப்பி இலைநோயால் அழிந்துகொண்டிருந்தது. மலைச்சரிவுகளில் தேயிலை பரவிக்கொண்டிருந்தது. இறுதியில் அப்பாதை இறக்கியது தேயிலையை. ஏற்றியது அரிசியையும் தோட்டங்களுக்கான பொருள்களையும் மனிதரையும் ஆகும்.

இனி, குலுக்கத்தின் காரணத்தை நோக்குவோம். நாவலப்பிட்டிக்கும் அட்டனுக்கும் இடையே பாதையின் நீளம் ஏறத்தாழ 21 மைல். அதற்குள் அது 2,200 அடிவரை உயர்கின்றது. 44 அடி முன்னே செல்ல ஓரடி ஏறுவது இங்குள்ள கடுஞ்சாய்வின் அளவாகும். மலையைக் குடைந்தும் வெட்டியும் நேரே செல்வதற்குப் பெரும்பணம் வேண்டும். ஆதலின் பாதை மலையின் மடிப்புகளைப் பின்பற்றி வளைந்து வளைந்து செல்கின்றது. அவ்வளைவுகளிற் கூரியவற்றின் ஆரை ஐந்து சங்கிலி, அதாவது 330 அடி மாத்திரமே. ஆனால் இருப்புக் கம்பிகளுக்கிடைப்பட்ட அகலமோ, இந்தியாவிற்போல, ஐந்தடி ஆறங்குலம். அகலப் பாதையைக் குறுகிய மலைவளைவிற் செலுத்திய துணிவு இப்பாதைக்குரிய சிறப்பு. அதுவே அதன் தீராத நோயும் ஆகும்.

வளைவில் வெளிப்புறக் கம்பி உட்புறக் கம்பியிலும் நீளமானது. ஓர் அச்சின் இரு சில்லுகளும் ஒன்றாகவே சுழல்வதால், கூரிய வளைவில் அவற்றுள் ஒன்று சறுக்கியே ஆகவேண்டும். சில்லின் விளிம்பு வெளிப்புறக் கம்பியை உரசுகின்றது. நாம் கேட்கும் கிறீச்சொலி அவ்வுராய்வின் ஒலியே. நாளடைவில் கம்பியின் பக்கம் தேய்கின்றது. கம்பிகளுக்கிடைப்பட்ட அகலம் கூடுகின்றது. கூடிய அகலத்தில் சில்லு மேலும் அலைகின்றது. அலையும் சில்லு கம்பியை மேலும் தாக்குகின்றது. குலுக்கம் குலுக்கத்தை வளர்க்கும் இயல்பினது. இதனோடு மழையும் சேர்கின்றது. இப்பாதையிலுள்ள வட்டவளை, நாட்டில் மிகுதியாக மழை பெய்யும் இடங்களுள் ஒன்று. சரிவிலிருந்து இறங்கும் சேறு சல்லிக்கற்களுக்கிடையே புகுந்து நீர் வடியும் வழியை அடைத்துவிட்டால், சிலிப்பர் கட்டைகள் உறுதியான படுக்கையை இழக்கின்றன. அவை வண்டியின் எடைக்கு அமிழ்ந்தும் எழுந்தும் ஆடுகின்றன.

இந்நோய்க்கு வண்டியின் பக்கத்திலிருந்து தேடப்பட்ட மருந்துகள் பல. கடுஞ்சாய்வுகளில் வண்டியின் பின்னால் மற்றோர் எஞ்சினைப் பூட்டித் தள்ளச் செய்தமை பழைய முறை. வலிமைக்காக எஞ்சினை நீளமாக்கினால் அது வளைவிற் பொருந்தாது, குறுகலாக்கினால் மலையேறாது. இவ்விடரைத் தீர்க்கவே 1927 இல் மான்செஸ்டர் நகரத்துப் பேயர் பீக்கொக் நிறுவனத்தின் காரட் வகை எஞ்சின் தருவிக்கப்பட்டது. கொதிகலனை நடுவில் தொங்கவிட்டு, முன்னும் பின்னும் தனித்தனியே திரும்பவல்ல இரு சில்லுத் தொகுதிகளில் அதனைத் தாங்கச் செய்த அமைப்பு அது. நீண்ட உடலை மூட்டுகளாகப் பிரித்தால் அது வளைவிற்கு இணங்கும் என்பதே அதன் தத்துவம். பிற்காலத்து ரோலர் கோஸ்டர் செய்வோரும், நீண்ட பெட்டிகளை நீக்கி, ஒவ்வொரு வரிசை இருக்கையையும் தனிப்பெட்டியாக்கி மூட்டியபோது இதே தத்துவத்தையே கைக்கொண்டனர்.

நீராவியின் காலம் முடிந்து டீசல் வந்தது. 1953 இல் இங்கிலாந்திலிருந்தும், 1954 முதல் கொழும்புத் திட்டத்தின்கீழ்க் கனடாவிலிருந்தும் டீசல் எஞ்சின்கள் வந்தன. கனடிய எஞ்சின்கள் சிலவற்றுக்கு அந்நாட்டு மாகாணங்களின் பெயர்கள் சூட்டப்பட்டன. தலவாக்கலையிலும் அட்டனிலும் நின்ற சிறுவர் அல்பேர்ட்டா என்னும் பெயரைப் புவியியற் புத்தகத்தில் அறியுமுன் எஞ்சினின் உடலில் அறிந்திருத்தல் கூடும். 1979 ஆம் ஆண்டளவில் மேற்கு ஜெர்மனியின் ஹென்ஷல் எஞ்சின்கள் வந்தன. 2012 இல் சீனாவிற் செய்யப்பட்ட டீசல் வண்டித் தொகுதிகள் மலைநாட்டுச் சேவையில் ஈடுபடுத்தப்பட்டன. ஒவ்வொரு வருகையும் ஒரு விழாவாயிற்று. ஒவ்வொரு விழாவின்போதும் இனிப் பயணம் இனிதாகும் என்னும் நம்பிக்கை எழுந்தது.

எனினும் வண்டியைப் புதுப்பித்தலால் மாத்திரம் குலுக்கம் தீருமா என்பது ஆராயத்தக்கது. இதற்கு விளையாட்டு வண்டிகளின் வரலாற்றிலிருந்தே ஒரு சான்று காட்டலாம். அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்துக் கிங்ஸ் ஐலண்ட் பூங்காவில் 2000 ஆம் ஆண்டில் சன் ஒவ் பீஸ்ட் என்னும் மாபெரும் மர ரோலர் கோஸ்டர் திறக்கப்பட்டது. தொடக்கம் முதலே அது பயணிகளை வருத்தும் குலுக்கத்திற்குப் பேர்போனது. 2006 இல் அதன் மரத் தாங்கமைப்பின் ஒரு பகுதி முறிந்ததால் பாதையில் ஏற்பட்ட பள்ளத்தில் வண்டி மோதுண்டு 27 பேர் காயமடைந்தனர். மறு ஆண்டில் எடை குறைந்த புதிய பெட்டிகள் பூட்டப்பட்டன. தலைகீழ் வளையமும் அகற்றப்பட்டது. ஆயினும் 2009 இல் அது மூடப்பட்டு, 2012 இற் பிரித்தெடுக்கப்பட்டது. இதற்கு மாறாக, டெக்சாஸ் மாநிலத்தில் 1990 இல் எழுந்த டெக்சாஸ் ஜயன்ட் என்னும் மர ரோலர் கோஸ்டர் முதுமையாற் குலுங்கத் தொடங்கியபோது, 2009 இல் அதனை மூடி, பழைய தாங்கமைப்பின்மேல் எஃகுப் பாதையை இட்டு, 2011 இல் மீளத் திறந்தனர். அது புத்துயிர் பெற்றது. முன்னதில் மருந்து முக்கியமாக வண்டிக்கு இடப்பட்டது. பின்னதிற் பாதைக்கு இடப்பட்டது. வண்டி குலுங்குவதை நாம் உணர்கின்றோம், குலுக்குவதோ பாதை.

மலையகப் பாதைக்கு மருந்திட்டவர் யாவர்? 1863 இல் கொழும்பு–கண்டிப் பாதையின் ஒப்பந்தத்தைப் பெற்ற பேவியல் என்பவர் தென்னிந்தியாவிலிருந்து தொழிலாளரை வருவித்தார். கடுகண்ணாவைச் சரிவிலே காய்ச்சலாலும் பேதியாலும் மாண்டோர் பலர். அவர்களின் பெயர்கள் எக்கல்லிலும் பொறிக்கப்படவில்லை. பாதை அமைந்தபின் அதனைப் பேணும் வேலையிலும் தமிழகத்துக் கிராமங்களிலிருந்து வந்தோரும் அவர்தம் வழித்தோன்றல்களும் பெரும்பங்கு வகித்தனர்.

அவ்வேலையின் தன்மையைச் சற்று எண்ணிப் பார்த்தல் தகும். பாதை பகுதி பகுதியாகப் பிரிக்கப்பட்டு ஒவ்வொரு பகுதியும் ஒரு தொழிலாளர் குழுவின் பொறுப்பில் விடப்பட்டது. குழுவில் ஒருவர் தம் பகுதி முழுவதையும் கால்நடையாகக் கடந்து, கம்பியைப் பிணிக்கும் ஆணிகளும் ஆப்புகளும் இறுகியிருக்கின்றனவா எனப் பார்த்துத் தளர்ந்தவற்றை அடித்து இறுக்குவார். ஏனையோர் அமிழ்ந்த கட்டையைக் கடப்பாறையால் நெம்பி உயர்த்தி அடியிற் சல்லியைத் திணிப்பர். கான்களைத் துப்புரவு செய்வர். கம்பியின் தேய்ந்த பக்கத்திற்கு மசகு இடுவர். கொட்டகலைக்கு அண்மையிலுள்ள சிங்கமலைச் சுரங்கம் போன்ற இடங்களில் நீர் சொட்டும் இருளில் இப்பணி நிகழும். ஒரு கட்டை எத்துணை அமிழ்ந்துள்ளது என்பதைக் கம்பியின்மேற் கண்ணை வைத்தும், கம்பியைத் தட்டியெழும் ஒலியைக் கேட்டும் உணரும் நுண்ணறிவு தந்தையிடமிருந்து மகனுக்குச் சென்றது. அது எந்த நூலிலும் எழுதப்படாத பொறியியல் எனலாம்.

இவ்வறிவுக்கு உரியோரை நாடு நடத்திய விதம் தனியே கூறவேண்டியதன்று. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. 1964 இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்பின் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்கள், தம் முன்னோர் இட்ட கட்டைகளின் மேலாகவே மலையிறங்கித் தலைமன்னார் நோக்கிச் சென்றனர். அட்டன் நிலையத்திலே அன்றெழுந்த அழுகையொலியும் இப்பாதையின் வரலாற்றைச் சேர்ந்ததே.

பேணப்படாத பாதை என்னாகும் என்பதற்கும் மலையகத்திலேயே சான்றுண்டு. நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக இராகலை வரை இரண்டடி ஆறங்குல அகலமுள்ள ஒரு குறும்பாதை 1903, 1904 ஆம் ஆண்டுகளில் அமைக்கப்பட்டது. நீளம் ஏறத்தாழ 19 மைல். பிரதான பாதையின் மிக உயர்ந்த நிலையமான பட்டிப்பொல 6,226 அடி உயரத்தில் உள்ளது. கந்தப்பளை நிலையமோ 6,316 அடியில் இருந்தது. உடப்புசல்லாவைப் பக்கத்துத் தோட்டங்களின் தேயிலை அதன் வழியே இறங்கிற்று. வீதியும் லொறியும் போட்டிக்கு வந்தபோது அதனைப் பேணும் செலவு வீண் எனக் கருதப்பட்டது. 1940 இற் பயணிகள் சேவையும் 1948 இற் பாதை முழுவதும் நிறுத்தப்பட்டன. இன்று நுவரெலியா செல்வோர் நானுஓயாவில் இறங்கி வீதியாற் செல்கின்றனர்.

அண்மைக் காலத்தில் மலைநாட்டுப் பாதைக்குப் புதியதொரு புகழ் வந்துள்ளது. உலகின் பல திசைகளிலிருந்தும் வருவோர் தேயிலைச் சரிவுகளைக் கண்டு களிக்க அதில் ஏறுகின்றனர். மௌச் சங்கில் நிகழ்ந்ததுபோல, உழைப்பின் பாதை உல்லாசத்தின் பாதையாக மாறிவருகின்றது. இதனால் வரும் வருவாய் வரவேற்கத்தக்கதே. எனினும் உல்லாசத்தையே நம்பிய மௌச் சங்கின் பாதை, பொருளாதார மந்தம் வந்த 1930களில் மூடப்பட்டது என்பதை மறத்தலாகாது. ரொசெல்லையிலும் வட்டவளையிலும் ஏறுகின்ற தோட்டத்து மக்களுக்கு இவ்வண்டி காட்சிப்பொருளன்று. வைத்தியசாலைக்கும் பாடசாலைக்கும் கொழும்பிலுள்ள வேலைக்கும் செல்லும் வழியாகும். குலுக்கத்தை விளையாட்டாக அனுபவிப்பவர் ஒருமுறை வந்து போகின்றார். அதனை வாழ்நாள் முழுதும் தாங்குபவர் இங்கேயே இருக்கின்றார்.

2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா புயல் நாடெங்கும் அறுநூறுக்கும் மேற்பட்ட உயிர்களைப் பலிகொண்டது. மலைநாட்டுப் பாதையிற் பல இடங்களில் மண் சரிந்தது. சில இடங்களிற் கம்பிகளுக்கு அடியிலிருந்த நிலமே அள்ளுண்டுபோக, பாதை அந்தரத்தில் தொங்கிற்று. 140 ஆண்டுகளுக்கு மேலாக வண்டியைத் தாங்கிய பாதை எத்தகைய அன்றாடப் பேணுதலின்மேல் நின்றது என்பதை அக்காட்சி நாடறியக் காட்டிற்று.

பாதையை மீள அமைக்கும் எந்த முயற்சியும், வண்டியின் அழகுக்கு முன் சல்லி, கான், கட்டை, கம்பி ஆகியவற்றுக்குப் பணமும் ஆளும் ஒதுக்குவதாய் அமைதல் வேண்டும். அதனோடு பல்கலைக்கழகத்தாருக்கும் ஒரு கடமை உண்டு. பாதை பேணிய குடும்பங்களின் முதியோர் சிலரேனும் நம் தோட்டங்களிலும் நிலையங்களை அடுத்த குடியிருப்புகளிலும் வாழ்கின்றனர். விடுமுறையில் வீடு செல்லும் மலையக மாணவர் ஒவ்வொருவரும் அத்தகைய ஒருவரையேனும் அணுகி, அவர் செய்த வேலையின் முறையையும், அவர் வழங்கிய கருவிப்பெயர்களையும், அவரோடு உழைத்தவர்களின் பெயர்களையும் எழுதிவைப்பாராயின், நம் வரலாற்றின் பெரியதொரு வெற்றிடம் நிரப்பப்படும். வண்டி அட்டனுக்கு வந்த ஆண்டை நாம் அறிவோம். அதனை இத்தனை ஆண்டுகள் வரச்செய்தவர்களையும் அறிந்துகொள்ளல் இனி நம் பொறுப்பாகும்.